சாதகர் இல்லத்தில் எதை மறைக்கலாம்? எமது நிலைப்பாடு

குரு காதில் ஓதிய மந்திரத்தைச் சாதகர் வெளியே சொல்லக் கூடாது. இந்த மரபை எங்கள் சபை கைவிடாது. மூச்சுப் பயிற்சியையும் பக்குவம் பார்த்தே தருகிறோம். பழகாத உடம்பில் கும்பகத்தை, அதாவது மூச்சை அடக்கி நிறுத்துவதை, நீட்டினால் கேடு வரும். ஆனால் இந்தக் காவலைச் சாக்காக வைத்து, சாதகர் தங்கிப் பயிலும் இல்லத்தின் விதிகளையும் கணக்கையும் வெளியேறும் வழியையும் மூடிவைப்பதை வன்மையாக எதிர்க்கிறோம்.

விதிகள் முழுவதும் எழுத்தில் இருக்க வேண்டும். வருபவர் பெட்டியை இறக்கிவைக்கும் முன்பே அவற்றைப் படித்திருக்க வேண்டும். கட்டுப்படும் முன்பே விதிகளை அறியத் தருவது புதுமை அல்ல. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் துறவியருக்காக எழுதிய ஒழுங்கு நூலின் 58ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். புதிதாக வந்தவருக்கு இரண்டு மாதம் கழித்து நூல் முழுவதையும் வாசித்துக் காட்டுகிறார்கள். பிறகு ஆறு மாதம் கழித்து மறுபடியும், மேலும் நான்கு மாதம் கழித்து இன்னொரு முறையும். இவற்றையெல்லாம் கேட்ட பிறகே அவர் வாக்குக் கொடுக்கிறார். அவர் உடுத்திவந்த துணியை அப்போதும் எறிந்துவிடுவதில்லை. என்றாவது வெளியேறினால் திருப்பித் தருவதற்காக மடத்தில் பத்திரப்படுத்துகிறார்கள். வெளியேறுவதைச் சாத்தானின் தூண்டுதல் என்றே அந்நூல் கருதுகிறது. அப்படியிருந்தும் துணியைக் காத்து வைக்கச் சொல்கிறது!

இன்று அந்தத் துணியின் இடத்தில் இருப்பவை கைபேசியும் ஆதார் அட்டையும் ஊர் திரும்பும் பணமும். மௌன முகாமில் கைபேசியை வாங்கி வைக்கலாம். கேட்டவுடன் தந்துவிட வேண்டும். அட்டையையும் பணத்தையும் வாங்கவே கூடாது. ஒருவர் நள்ளிரவில் புறப்பட நினைத்தாலும் கதவைத் திறந்து, பேருந்து நிலையம் வரை துணைபோவது இல்லத்தின் கடமை. காரணம் ஒருமுறை கேட்கலாம். சாபம், கர்மவினை என்று பயமுறுத்துவது பாவம்.

பண விஷயத்தில் கோயங்கா என்ற ஆசிரியரின் வழியில் நடக்கும் விபாசனா தியான மையங்களின் முறை எங்களுக்கு உகந்தது. 10 நாள் முகாமுக்கு அங்கே கட்டணம் இல்லை. ஒரு முகாமையாவது முடித்தவரிடம் மட்டுமே நன்கொடை பெறுகிறார்கள். தங்கியிருக்கும் சாதகரிடம் சொத்து எழுதி வாங்கும் வழக்கத்தை எந்தப் பெயரிலும் ஏற்க மாட்டோம்.

விதி குருவையும் கட்டும். அவர்மேல் வரும் புகாரை அவரே விசாரிக்கக் கூடாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பெண் ஒருவர் தலைமையில் புகார்க் குழு வேண்டும். வெளியாள் ஒருவரும் அதில் இருக்க வேண்டும். சம்பளம் வாங்காமல் சேவை செய்பவரும் அச்சட்டத்தில் பணியாளரே. ஆகவே "இது ஆசிரமம், அலுவலகம் அல்ல" என்ற பதில் செல்லாது. பூட்டிய அறைக்குள் தனியாக அழைத்துத் தரும் தீட்சையையும் நிறுத்தச் சொல்கிறோம். மந்திரம் மற்றவர் காதில் விழாத தூரம் போதும். கண்ணுக்குத் தெரியாத இடம் தேவையில்லை.

சர்க்கரைக்கோ மனநோய்க்கோ சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்த ஆசானுக்கும் கிடையாது. 18 வயது நிரம்பாதவரைத் தங்கு சாதனைக்குச் சேர்க்கக் கூடாது.

இவற்றை ஏற்காத இல்லங்களோடு எங்கள் சபை கூட்டு முகாம் நடத்தாது, ஆசிரியர்களையும் அனுப்பாது. எங்கள் விதி நூலும் தணிக்கை முடிந்த கணக்கும் வாசல் திண்ணையில் இருக்கும். தீட்சை பெறாதவரும் எடுத்துப் படிக்கலாம்.