சதுரங்கத்து அரிசி

வரக்காப்பொலவுக்கு அருகேயுள்ள இறப்பர்த் தோட்டமொன்றிலிருந்து அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பால்வெட்டுக்குப் போனவர். சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஓர் அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துச் சென்றால் அறுபத்துநான்கு கட்டங்களிலும் சேர்வது 18,446,744,073,709,551,615. இதனைக் கொப்பியில் எழுதிய அவருடைய மகள், மூன்றாலும் ஐந்தாலும் இது வகுபடும் என்றாளாம். இருபது இலக்க எண்ணைக் கையால் வகுப்பது வீண் வேலை என்று லயத்தில் ஒருவர் நகைத்துவிட்டார். மூடிய கொப்பியைப் பிள்ளை இன்னும் திறக்கவில்லை. அவள் கூறியது சரிதானா என்று தந்தையார் வினவுகிறார்.

முற்றிலும் சரி. இலக்கங்களைக் கூட்டினால் 87. அது மூன்றால் வகுபடும். எண் ஐந்தில் முடிவதால் ஐந்தாலும் வகுபடும்.

கேரளத்து அம்பலப்புழை ஆலயத்துப் பால் பாயசத்துக்கு இந்தக் கணக்கையே மூலக் கதையாகச் சொல்வர்: அரசன் சதுரங்கத்தில் தோற்றுக் கண்ணனுக்குக் கடன்பட்டானாம். கிராமுக்கு நாற்பது அரிசி என்று கொண்டால் அக்கடன் ஏறக்குறைய 46,000 கோடி தொன். உலகமே எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் விளைவித்தால்தான் தீரும். (வரக்காப்பொலவில் பஸ்ஸை நிறுத்தித் தலகுலி வாங்கும் நம்மவர், அரிசிக்குப் பதில் எள்ளை வைத்தாலும் எண் குறையாது.)

ஆயின், பருமனைவிட அதன் உள்ளமைப்பே நம்மை வியக்கவைக்கிறது. 3, 5, 17, 257, 65,537, 4,294,967,297 ஆகிய ஆறையும் பெருக்கினால் நமது எண் வந்துவிடும். இவற்றுள் ஒன்றை எடுத்து, அதில் ஒன்றைக் கழித்து, எஞ்சியதை அதனாலேயே பெருக்கி ஒன்று கூட்டுக, அடுத்தது கிடைக்கும்.

முதல் ஐந்தும் முதன்மை எண்கள். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு மேதை பெர்மா, இவ்வரிசையில் வருவன யாவுமே முதன்மை எண்கள் என்று கருதினார். மேதையின் வாக்கு அல்லவா! 1732 இல் ஆய்லர் என்னும் சுவிஸ் அறிஞர் ஆறாவதை வகுத்துப் பார்த்தார். 641 ஆல் மீதியின்றி வகுபட்டது, ஈவு 6,700,417. கணனி ஏது அக்காலத்தில்? எல்லாம் கைக்கணக்கே. ஐந்தாவதான 65,537க்குப் பின் இவ்வரிசையில் ஒரு முதன்மை எண்ணேனும் இன்றுவரை அகப்படவில்லை.

ஆறாவதை வகுக்கவல்ல முதன்மை எண் எதுவாயினும் அதனை 64 ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்பதையும் ஆய்லர் பின்னர் நிறுவினார். அவ்வாறானவை 193, 257, 449, 577, 641 என்று செல்லும். முதல் நான்கும் பொருந்தா, ஐந்தாவதில் விடை.

அன்பரின் மகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். 6,700,417 முதன்மை எண்தானா? இதன் வர்க்கமூலம் 2,588க்குச் சற்று மேல். ஆதலின் அதற்கு மேற்பட்டவற்றைச் சோதிக்க வேண்டியதில்லை. முன் சொன்ன நான்கையும் தள்ளிவிடலாம். எஞ்சுவன 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 ஆகிய ஏழே. ஏழிலும் மீதி வருகிறதா என்று பார்த்து, அம்மீதிகளைக் கொப்பியிலிருந்து பெயர்த்தெழுதி நமக்கு அனுப்புமாறு அவளைக் கேட்டுக்கொள்கிறோம்.