தவறு செய்தவரின் தண்டத்தைக் கம்பெனி ஏன் கட்டவேண்டும்?

இயக்குநர்கள் மீது வழக்கு வந்தால் வக்கீல் கட்டணம், நஷ்டஈடு, அபராதம் எல்லாவற்றையும் கம்பெனியே ஏற்கவேண்டும் என்ற வாதம் தொழில் வட்டாரத்தில் வேரூன்றிவிட்டது. நேர்மையாக நடந்தவரைக் காப்பாற்றுவது கம்பெனியின் கடமை. குற்றம் நிரூபணமானவரையும் காப்பாற்றுவது அநியாயம்.

"கம்பெனி பணம்தானே, யாருக்கு நஷ்டம்?" என்கிறார்கள். சென்னை நொச்சிக்குப்பத்தில் விடியற்காலையில் மீன் எடுத்து, லூப் ரோட்டு அங்காடியில் வஞ்சிரமும் சங்கராவும் வெட்டிக்கொடுத்து, அந்தக் காசில் எல்.ஐ.சி. பிரீமியம் கட்டும் பெண்ணுக்கு நஷ்டம். அவர் கட்டும் பணத்தில் ஒரு பகுதி பங்குச் சந்தைக்குத்தான் போகிறது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டார். பங்கு விலை ஒரே நாளில் முக்கால்வாசிக்கு மேல் சரிந்தது. பங்குதாரர்களில் எல்.ஐ.சி.யும் உண்டு. ஏமாந்தவர்களே ஏமாற்றியவரின் தண்டத்தையும் கட்டுவதா?

"பயந்து யாரும் பொறுப்புக்கு வரமாட்டார்கள்" என்பது அடுத்த வாதம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 149(12) பிரிவு, சுயேச்சை இயக்குநர் தனக்குத் தெரிந்து, தன் சம்மதத்தோடு அல்லது தன் அசட்டையால் நடந்ததற்கு மட்டுமே பொறுப்பு என்கிறது. நேர்மையாக நடந்தவரை விடுவிக்க 463-வது பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்கள் சுயேச்சை இயக்குநர்களுக்குக் காப்பீடு எடுக்கவேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2022 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. நல்லவர் பயப்பட இதற்குமேல் என்ன இருக்கிறது?

"இயக்குநர்களுக்குக் கம்பெனி இப்படி ஈடு தருவதற்கு 1956 கம்பெனிச் சட்டத்தின் 201-வது பிரிவு போட்ட தடையைப் புதிய சட்டம் எடுத்துவிட்டதே" என்பார்கள். தடை போனதால் இயக்குநரின் கடமை போய்விடவில்லை. முறைகேடாக ஆதாயம் அடைந்த இயக்குநர் அதே தொகையைக் கம்பெனிக்குக் கட்டவேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 166-வது பிரிவு. அதையும் கம்பெனியே ஈடுகட்டினால், தன் பணத்தைத் தனக்கே கட்டியதாக ஆகும். காப்பீட்டுப் பிரீமியத்தைக்கூட, குற்றம் நிரூபணமானால், அவருடைய ஊதியமாகவே கணக்கிடச் சொல்கிறது 197(13) பிரிவு. பிரிட்டனின் 2006 கம்பெனிச் சட்டமோ, இயக்குநர் கம்பெனிக்குச் செய்த துரோகத்துக்கு அந்தக் கம்பெனியே ஈடு தரும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது.

வழக்கு நடக்கும்போது செலவுக்கு முன்பணம் கொடுக்கலாம். தோற்றால் திருப்பித் தருவதாக எழுதி வாங்கவேண்டும். வழக்கில் சம்பந்தமில்லாத இயக்குநர்கள் முடிவெடுத்து, ஆண்டறிக்கையில் தொகையைப் போடவேண்டும். இந்த நிபந்தனைகளுக்கு ஒப்பாதவர் அந்த நாற்காலியில் உட்காரவேண்டாம்.