திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் யார்?



'யூசர் இன்டர்ஃபேஸ்' என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது கலர், அனிமேஷன், பளபளக்கும் பட்டன்கள். லேபில் புராஜெக்ட் காட்டும்போதும் "டிசைன் சூப்பர்டா!" என்ற பாராட்டோடு விஷயம் முடிந்துபோகிறது. ஆனால் அந்தத் திரையை யார் பயன்படுத்தப் போகிறார்? அவருக்குப் புரியுமா? இதைக் கேட்காமல் கட்டிய திரை எத்தனை அழகாக இருந்தாலும் பாதிக் கட்டடம்தான் என்பது என் கருத்து.

கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். ஆரம்ப கால இணையப் பக்கங்களில் ஒரு சின்ன மாற்றத்துக்கும் முழுப் பக்கமும் சர்வரிலிருந்து மறுபடி வர வேண்டும். பந்தியில் "கொஞ்சம் சாம்பார்" என்று கேட்டால், இலையையே எடுத்துவிட்டு, புது இலை போட்டு, உப்பிலிருந்து பரிமாறுவது போல! கணினியில் நிறுவிய மென்பொருள் மாதிரியே உலாவிக்குள்ளும் வேலை நடக்க வேண்டும் என்று வந்ததுதான் 'ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன்'. 2002-ல் மேக்ரோமீடியா நிறுவனம் இந்தப் பெயரைப் பரப்பியது. அதன் கருவி ஃபிளாஷ். 2004-ல் ஜிமெயில், 2005-ல் கூகுள் மேப்ஸ் வந்தன. வேண்டிய துண்டை மட்டும் பின்னணியில் வாங்கிச் சேர்க்கும் முறைக்கு 2005-ல் 'ஏஜாக்ஸ்' என்று பெயர் வந்தது. அதே ஆண்டில், சென்னையில் மென்பொருள் எழுதிவந்த அட்வென்ட்நெட், உலாவியிலேயே ஆவணம் எழுத உதவும் ஸோஹோ ரைட்டரை வெளியிட்டது. அந்த நிறுவனம்தான் இன்றைய ஸோஹோ.

ஃபிளாஷ் என்ன ஆயிற்று? 2020 டிசம்பர் 31-டன் அதற்கான ஆதரவை அடோபி நிறுத்திவிட்டது. ஆக, கருவி இன்று வரும், நாளை போகும். திரைக்கு முன்னால் உட்காரும் மனுஷன் மட்டும் அப்படியே இருப்பான். நாம் முதலில் படிக்க வேண்டியது அவனைத்தானே?

நம்ம வேங்கிக்காலுக்கே வருவோம். கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு வரும் ஜனங்களைத் தினமும் பார்க்கிறோம். கவுன்ட்டரில் ஒரு ஆள் இருந்தால் "சார், இதுல என்ன எழுதணும்?" என்று கேட்கலாம். இன்று பல சான்றிதழ்களுக்கு விண்ணப்பம் இணையத்தில்தான். திரையிடம் போய்க் கேட்க முடியுமா? கேட்பதற்கு முன்னால் அதுவே சொல்ல வேண்டாமா?

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். உதவித்தொகைக்காக ஒரு தளத்தில் விண்ணப்பம் போட அப்பாவும் நானும் உட்கார்ந்தோம். 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்றது. நமக்கு ஏது லாஸ்ட் நேம்? இருப்பது ஒரு இனிஷியல்! அதைப் போட்டால், செல்லாது என்று ஆங்கிலத்தில் ஒரு சிவப்பு வரி. யோசிப்பதற்குள் 'செஷன்' முடிந்து, நிரப்பிய அத்தனையும் போயிற்று. "நாம ஏதாச்சும் தப்பு பண்ணிட்டமாடா?" என்றார் அப்பா. அன்றைய கூலியும் போச்சு. தப்பு அவருடையதா? இல்லவே இல்லை! அவரை நினைக்காமல் அந்தப் பெட்டியை வரைந்தவர்களுடையது.

நாம் அப்படி வரையக் கூடாது. என்ன செய்யலாம்?

பெயருக்கு ஒரே பெட்டி போதும். இனிஷியலும் அதிலேயே இருக்கட்டும். தட்டியது தொலையக் கூடாது. உலாவியின் 'லோக்கல் ஸ்டோரேஜில்' அவ்வப்போது சேமித்தால் கரண்ட் போனாலும் மீட்டுவிடலாம். ஆனால் பலரும் உட்காரும் சேவை மையக் கணினி என்றால், வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுவதும் நம் பொறுப்பு.

பதில் வரும் வேகத்துக்கும் கணக்கு உண்டு. 0.1 வினாடிக்குள் வந்தால் உடனடியாக நடந்ததாகத் தோன்றும்; 1 வினாடி வரை நினைப்பு அறுபடாது; 10 வினாடி தாண்டினால் கவனம் சிதறும் என்று ஜேக்கப் நீல்சன் 1993-லேயே எழுதினார். தாமதமானால் "பணம் செலுத்தப்படுகிறது, காத்திருங்கள்" என்று சொல்லி பட்டனைப் பூட்டுங்கள். இல்லையென்றால் பதற்றத்தில் இரண்டு தரம் அழுத்தத்தான் செய்வார்கள்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் 'இவ்வளவு தூரம் வந்தாச்சு' என்று காட்டிக்கொண்டே இருக்கின்றன. நீளமான விண்ணப்பத்துக்கும் அப்படி அடையாளங்கள் வேண்டும்.

தமிழைக் கடைசியில் ஒட்டவைக்காதீர்கள். ஆங்கில 'சப்மிட்'டின் அகலத்துக்கு வரைந்த பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது, பாதி வெட்டுப்படும். 'அனுப்பு' என்று போட்டால் அம்மாவுக்கும் புரியும், இடமும் போதும். சாம்பல் பின்னணியில் வெளிர் எழுத்து ஸ்டைலாக இருக்கலாம். வெயிலில் நின்று செல்போனைப் பார்ப்பவருக்குத் தெரியுமா? எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்று 2008-ல் வந்த உலகத் தர விதியே சொல்கிறது.

"இதெல்லாம் பெரிய கம்பெனி டிசைனர் வேலைப்பா, நமக்கெதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். நான் மாற்றிச் சொல்வேன். ஓ.டி.பி. வந்தால் பக்கத்து வீட்டுப் பையனைத் தேடும் அம்மா நம் வீட்டில்தான் இருக்கிறார். ஃபாரத்தைப் பார்த்ததும் பேனாவை நம் கையில் கொடுக்கும் அப்பாவும் நம் வீட்டில்தான். அவர்கள் எந்த இடத்தில் தயங்குவார்கள் என்பதை எந்தப் பாடப் புத்தகமும் நம்மைவிட நன்றாகச் சொல்லாது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கு இது குறையே இல்லை, கைமுதல்!

ஆகவே நண்பர்களே, அடுத்த புராஜெக்டை எக்ஸ்டர்னலிடம் காட்டும் முன் வீட்டில் காட்டுங்கள். ஒரு வார்த்தை விளக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் கை நின்ற இடத்தைக் குறித்துவைத்துத் திருத்துங்கள். மார்க் எவ்வளவு வருமோ தெரியாது, நாம் படித்த படிப்புக்கு அன்றுதான் அர்த்தம் வரும்!

– இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல்