அடுத்த பருவத்தில் எவர் எந்த வண்டியில்?

பார்முலா ஒன்று என்னும் மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றி இப்பகுதியில் எழுதுமாறு அன்பர்கள் சிலர் கேட்டவண்ணம் இருக்கின்றனர். கேட்பவர்கள் பெரியவர்கள்; கேட்கத் தூண்டுபவர்கள் பிள்ளைகள். பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமன்றி, பந்தயமே இல்லாத மாதங்களிலும் இப்பிள்ளைகள் ஓய்வதில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அணிகளின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வோர் அணிக்கும் நேரே இரண்டு ஓட்டிகளின் பெயர்களைக் குறித்து, அடித்து, மீண்டும் குறிக்கின்றனர். வரப்போகும் பருவத்தில் எவர் எந்த வண்டியில் அமர்வார் என்பதை இப்பொழுதே தீர்த்துவிடுவதில் அவர்களுக்கு அத்தனை ஆவல்! படிக்கிற நேரத்தில் இது என்ன வீண் வேலை என்று தந்தைமார் கடிந்துகொள்கின்றனராம். வீண் வேலை அன்று என்பதே நமது கட்சி.

இடங்கள் மிகச் சில. 2025 வரை பத்து அணிகள், இருபது இருக்கைகள். 2026-இல் காடிலாக் அணி புதிதாகச் சேர்ந்ததனால் அவை இருபத்திரண்டாயின. உலகம் முழுவதற்கும் இவ்வளவே. ஆகவே ஒருவர் எழுந்தாலன்றி மற்றொருவர் அமர இயலாது. ஒருவர் எழுந்தாலோ, அத்துடன் அது நிற்பதுமில்லை.

இதை நம் இல்லங்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. கல்கத்தா அலுவலகத்தில் மேலதிகாரி ஒருவர் ஓய்வு பெறுகிறார். அவ்விடத்திற்கு நாகபுரியிலிருந்து ஒருவர் வருகிறார். நாகபுரிக்கு டில்லியிலிருந்து ஒருவர் அனுப்பப்படுகிறார். மாற்றல் உத்தரவு ஒன்றுதான். ஆயினும் மூன்று ஊர்களில் பெட்டிகள் கட்டப்படுகின்றன, குழந்தைகளுக்குப் பள்ளி தேடப்படுகிறது. பந்தயக்காரரின் பட்டியலும் இவ்வகையே. ஒரு பெயரை அடித்தால் எத்தனை பெயர்கள் இடம் பெயரும் என்று எண்ணிப் பார்ப்பதிலேதான் இவ்விளையாட்டின் சுவை முழுவதும் அடங்கியிருக்கிறது.

2022-ஆம் ஆண்டுக் கோடையில் நடந்ததைச் சற்று விரித்துச் சொல்லுவோம். எந்தச் சிறுவனும் தன் நோட்டில் இவ்வாறு எழுதத் துணிந்திருக்க மாட்டான். நான்கு முறை உலக வெற்றி வீரரான செபாஸ்டியன் வெட்டல், பருவ முடிவில் ஓய்வு பெறுவதாக ஜூலை 28-ஆம் நாள் அறிவித்தார். ஆஸ்டன் மார்ட்டின் அணியில் அவர் விட்டுச் செல்லும் இடத்திற்கு, ஆல்பைன் அணியிலிருந்த பெர்னாண்டோ அலோன்சோ வருவார் என்று ஆகஸ்டு முதல் நாளே செய்தி வெளியாயிற்று. கலங்கிய ஆல்பைன் அணியினர், தாம் பேணி வளர்த்த ஆஸ்திரேலிய இளைஞர் ஆஸ்கார் பியாஸ்திரி அலோன்சோவின் இடத்தில் அமர்வார் என்று மறுநாளே பறைசாற்றினர். சில மணி நேரத்திற்குள் அவ்விளைஞர், தாம் அவ்வணிக்கு ஓட்டப்போவதில்லை என்று வெளிப்படையாக மறுத்துவிட்டார்! வழக்கு, ஒப்பந்தங்களை ஆராயும் குழுவின் முன் சென்றது. செல்லத்தக்க ஒப்பந்தம் மெக்லாரன் அணியுடையதே என்று செப்டம்பர் 2-ஆம் நாள் தீர்ப்பாயிற்று. இவ்வாறு ஆல்பைன் அணி முதியவரையும் இழந்தது, இளையவரையும் இழந்தது.

கதை இத்துடன் முடிந்ததா? இல்லை. பியாஸ்திரிக்கு இடம் தருவதற்காக மெக்லாரன் அணியிலிருந்து டேனியல் ரிக்கியார்டோ வெளியேற நேர்ந்தது. ஆல்பைனில் காலியான இடத்தை நிரப்ப, ஆல்பா தவுரி அணியிலிருந்து பியர் காஸ்லி அழைக்கப்பட்டார். காஸ்லியின் இடத்தில் நிக் டி வ்ரீஸ் அமர்ந்தார். மறு ஆண்டு பத்துப் பந்தயங்கள் முடிந்ததும் அவரும் விலக்கப்பட்டார். அந்த இருக்கைக்கு வந்தவர் யார்? எல்லாவற்றாலும் இடமிழந்து நின்ற அதே ரிக்கியார்டோ! வெட்டல் என்னும் ஒருவர் எழுந்ததனால் நேர்ந்தவை இவை.

பட்டியல் எழுதுவோர் செய்யும் பெரும் பிழை, திறமை ஒன்றையே அளவுகோலாகக் கொள்வது. திறமை வேண்டும்தான், அஃதின்றி எவரும் அங்கே நிற்க முடியாது. ஆயினும் ஒப்பந்தம் எந்த ஆண்டுவரை என்பதை முதலில் பார்க்க வேண்டும். எந்த அணி எந்த இளைஞரைச் சிறு வயது முதல் வளர்க்கிறது என்பது அடுத்தது. பணம் கொண்டுவருபவர் எவர் என்பதை மறைவாகவேனும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். மேலுரிமம் என்று ஒன்றும் உண்டு. மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2015-இல் பதினேழு வயதிலேயே களமிறங்கிய பின், பதினெட்டு வயது நிரம்ப வேண்டும், மூன்று பருவங்களில் நாற்பது புள்ளிகள் ஈட்டியிருக்க வேண்டும் என்று 2016 முதல் விதித்தனர். அடுத்த படியான பார்முலா இரண்டில் முதல் மூன்று இடங்களுள் ஒன்றைப் பெறுபவருக்கு அந்த நாற்பதும் ஒரே ஆண்டில் கிட்டிவிடும்.

விதிகள் மாறும் ஆண்டில் அணிகள் அனுபவத்தை நாடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். 2026-இல் எஞ்சினும் வண்டியும் ஒருங்கே புதியனவாயின. அவ்வாண்டு முதன்முதலாகக் களம்புகுந்த காடிலாக் அணியினர் இளைஞரைத் தேடவில்லை. செர்ஜியோ பெரெஸ், வால்ட்டெரி பொட்டாஸ் என்னும் பழகிய கைகளையே அமர்த்தினர். புது வீட்டுக்குப் பழைய சமையற்காரரைக் கூட்டிவருவது போலத்தான்.

இனி, நம் பிள்ளைகள் நம்மிடம் வினவும் கேள்விக்கு வருவோம். பட்டியலில் நம்மவர் பெயரை எழுதலாமா?

எழுதும் உரிமை நமக்கு எவ்வாறு வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். சென்னை மோட்டார்ப் பந்தயச் சங்கம் 1953-இல் தோன்றியது. போர்க்கால விமான ஓடுதளமாயிருந்த சோழவரத்தில் பந்தயங்கள் நடந்தன. கோவையில் கரிவரதன், குறைந்த செலவில் பந்தய வண்டிகளைக் கட்டி இளைஞர் கையில் கொடுத்தார். அவர் பெயரால் அந்நகரத்தருகே இன்றும் ஒரு பந்தயத் தடம் விளங்குகிறது. அதே கோவையின் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியில் அமர்ந்து, பார்முலா ஒன்றில் ஓடிய முதல் இந்தியரானார். 2010-இல் சென்னையின் கருண் சந்தோக் இரண்டாமவரானார். இந்நாள்வரை அவ்விருக்கையில் அமர்ந்து பந்தயம் ஓடிய இந்தியர் இவ்விருவரே. இருவரும் தமிழகத்து மண்ணில் வளர்ந்தவர்கள்.

அமர்ந்தார்கள், ஆனால் நிலைத்தார்களா? கருண் பத்துப் பந்தயங்கள் ஓட்டியபின் ஹிஸ்பானியா அணி அவரிடத்தில் வேறொருவரை அமர்த்திற்று. 2011-இல் அதே அணியில் நாராயண் ஏழு பந்தயங்கள் ஓட்டினார்; பிறகு அவர் வண்டி, ரெட் புல் நிறுவனம் வளர்த்துவந்த ஓர் இளைஞருக்குச் சென்றது. அவ்விளைஞர் பெயர் ரிக்கியார்டோ. ஆம், மேலே கண்ட அவரேதான்.

அவ்வாண்டு அக்டோபர் 30-ஆம் நாள், டில்லியை அடுத்த பெரிய நொய்டாவில் முதல் இந்தியப் பந்தயம் நடைபெற்றது. அந்நாளுக்கென நாராயணுக்கு ஓர் இருக்கை மீண்டும் கிட்டியது, பதினேழாவதாக வந்தார். லோட்டஸ் அணியில் மாற்று ஓட்டியாயிருந்த கருணும் ஓட வேண்டும் என்று நாடே விழைந்தது. அவருக்கு அன்று இடம் கிடைக்கவில்லை. சொந்த நாட்டுத் தடத்தில், ஓட்டத் தெரிந்தும், பார்த்து நிற்க நேர்வது எளிய துன்பமா? நெஞ்சம் எழுதும் பட்டியல் வேறு, அணித் தலைவர் கையெழுத்திடும் பட்டியல் வேறு. அப்பந்தயமும் 2013-க்குப் பின் அங்கு நின்றுபோயிற்று. இது விளையாட்டா, கேளிக்கையா என்னும் வரி வழக்கும் அதற்கு ஒரு காரணம்.

பெங்களூரின் குஷ் மைனி 2025-இல் மொனாக்கோ நகரத்தெருக்களில் பார்முலா இரண்டின் குறும்பந்தயத்தை வென்றபோது நாமும் கைதட்டினோம். ஆயினும் அப்பருவ முடிவில் முதல் மூவருள் அவர் இல்லை. அன்பினால் அவர் பெயரை எழுதும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். அந்த நாற்பது புள்ளிகள் எங்கிருந்து வரும் என்று மட்டும் கேளுங்கள். 2026-இன் ஒரே புதுமுகமான அர்விட் லிண்ட்பிளாடு, அன்னை வழியில் இந்தியத் தொடர்புடைய ஆங்கில நாட்டு இளைஞர். அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடும் வீடுகளும் உள. நம் பாட்டிமார் இதைவிடத் தொலைவான உறவையெல்லாம் பங்காளியாக்கியவர்கள். ஆதலின் நாம் மறுக்கவில்லை.

நமது ஊகம் யாதென்று கேட்பீர்கள். 2026-ஆம் பருவம் தொடங்கும்போது அலோன்சோவுக்கு வயது நாற்பத்து நான்கு. லூயிஸ் ஹாமில்டனுக்கு நாற்பத்தொன்று. அடுத்த சங்கிலி இவ்விருவரில் ஒருவரிடமிருந்தே தொடங்கும் என்று நாம் கருதுகிறோம். ஹாமில்டன் எழுந்தால், பெராரியின் சிவப்பு வண்டியில் ஆலிவர் பேர்மனை எழுதுவோம். அவ்வணியே பயிற்றிய பிள்ளை அவர். 2024-இல் சவூதி அரேபியாவில், அறுவைச் சிகிச்சைக்குச் சென்ற கார்லோஸ் செயின்ஸுக்கு மாற்றாகத் திடீரென அமர்ந்து, பதினெட்டு வயதில் ஏழாவதாக வந்தவர். அப்பொழுது ஹாஸ் அணியில் ஓரிடம் காலியாகும். டொயோட்டாவோடு அவ்வணிக்குள்ள உறவை நோக்கினால், அங்கே ஒரு ஜப்பானியர் வரக்கூடும். ஆஸ்டன் மார்ட்டினில் அலோன்சோ எழும் இடத்திற்கு மட்டும் நம் கை தயங்குகிறது. இரண்டு பெயர்களை எழுதி, இரண்டையும் அடித்துவிட்டோம்.