உப்பைக் கண்டுகொள்ளாத தலைநகரம்

அரசு அலுவலகங்களில் அன்றாடம் உண்ணும் பண்டங்களில் எவ்வளவு எண்ணெயும் சர்க்கரையும் உள்ளன என்பதைத் தெரிவிக்கும் பலகைகளை வைக்குமாறு 2025 ஜூன் மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் எல்லாத் துறைகளையும் கேட்டுக்கொண்டது. உடல் பருமனைத் தடுக்கும் அந்த முயற்சி பாராட்டுக்குரியதே. ஆனால், நடுத்தர வயதினரை ஓசையின்றி வீழ்த்தும் உயர் ரத்த அழுத்தத்துக்கு முக்கியக் காரணமான உப்பின் மீது அதே அக்கறை காட்டப்படவில்லை.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 24 சதவீதத்தினரும் பெண்களில் 21 சதவீதத்தினரும் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், அல்லது அதற்காக மருந்து உட்கொள்பவர்கள். வயது ஏற ஏற ரத்தக் குழாய்கள் நெகிழ்வை இழப்பதால் நாற்பதைக் கடந்தவர்களுக்கு ஆபத்து கூடுகிறது. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து செய்யும் பணி, கூடிவரும் இடுப்புச் சுற்றளவு, மது, புகை, குறைந்த உறக்கம் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரிவதில்லை. பக்கவாதமோ மாரடைப்போ வந்த பிறகே பலருக்கு உண்மை தெரிகிறது. குடும்பத்தின் பாரத்தைச் சுமப்பவர் படுக்கையில் விழுந்தால் வீடே நிலைகுலைகிறது.

நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. இது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ஆனால், 2017-18 தேசியக் கணக்கெடுப்பின் அடிப்படையில் இந்தியரின் சராசரி நுகர்வு 8 கிராம் என மதிப்பிடப்பட்டது. 2025-க்குள் உப்பு நுகர்வை 30 சதவீதம் குறைப்பது என்று இந்தியா இலக்கு வகுத்திருந்தது. அந்த ஆண்டும் கடந்துவிட்டது.

இதில் மக்களின் பொறுப்பை மறுப்பதற்கில்லை. நம் நாட்டில் உப்பின் பெரும்பகுதி இன்னும் வீட்டுச் சமையலறையிலிருந்தே வருகிறது. ஊறுகாய், அப்பளம், தயிர்ச்சோற்றிலும் கூடுதல் உப்பு என்ற பழக்கத்தை எந்தச் சட்டமும் மாற்றிவிடாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. எவ்வளவு உப்பு என்பதை அது சொல்லவில்லை. காய்கறி, பழங்களைக் கூட்டுவதும், நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பதும் அவரவர் கையில்தான் உள்ளன.

ஆனால், பொட்டலத்தில் அடைத்து விற்கப்படும் மிக்சர், சிப்ஸ், உடனடி நூடுல்ஸ் ஆகியவற்றில் உள்ள உப்பைக் குறைப்பது வாங்குபவர் கையில் இல்லை. உறையின் பின்புறம் பொடி எழுத்தில் 'சோடியம் 800 மில்லிகிராம்' என்றிருந்தால், அது 2 கிராம் உப்புக்குச் சமம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சோடியத்தின் அளவை இரண்டரையால் பெருக்கிப் பார்த்து வாங்கும்படி சாமானியனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

உறையின் முன்புறத்திலேயே விவரம் தரும் திட்டம் தில்லியில் பல ஆண்டுகளாக இழுபறியில் சிக்கியது. 2022-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நட்சத்திரக் குறியீட்டை முன்மொழிந்தது. பருப்பு, நார்ச்சத்து போன்றவை இருந்தால் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் அம்முறையில், உப்பு மிகுந்த பண்டமும் நல்ல பெயர் வாங்கிவிடும் என்று நிபுணர்கள் எதிர்த்தனர். 2025 ஏப்ரலில் மூன்று மாதங்களுக்குள் பரிந்துரை அளிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. பின்னர் அந்தக் கெடுவும் நீட்டிக்கப்பட்டது. சிலி நாடோ 2016-லேயே உப்பு மிகுந்த உணவுகளின் உறையில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கிவிட்டது.

நட்சத்திரம் பரிசளிப்பதற்கானது, எச்சரிப்பதற்கானது அன்று. 'உப்பு அதிகம்' என்ற இரு சொற்களைத் தாய்மொழியில் பெரிதாக அச்சிடச் செய்வதில் அரசுக்குப் பெரும் செலவு எதுவும் இல்லை. உற்பத்தியாளர்களின் தயக்கத்தைவிட மக்களின் உயிர் பெரிது. முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு ரத்த அழுத்தப் பரிசோதனை செய்யும் அரசு, அந்த அழுத்தம் ஏறும் வழியையும் அடைக்க முன்வர வேண்டும்.