கைதட்டலோடு முடியலாமோ?

மாமல்லபுரத்துக் கற்றளிகளைச் செதுக்கிய உளிகளின் ஒலி அடங்கி ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. 2022-ஆம் ஆண்டில் அவ்வூரின் பெயர் மீண்டும் உலகோர் நாவில் ஏறிற்று. சதுரங்கம் என்று வடசொல்லால் வழங்கிவரும் நாற்படையாட்டத்தின் 44-ஆம் ஒலிம்பியாடு, சூலை 28 முதல் ஆகசுட்டு 10 வரை, மாமல்லையை அடுத்த பூஞ்சேரியில் நடந்தேறியது. உருசியாவில் நடக்கவிருந்த போட்டி அது. உக்கிரைன்மீது அந்நாடு படையெடுத்தமையால் அங்கிருந்து விலக்கப்பெற்றுத் தமிழ்நாட்டுக்கு வந்தது. நான்கே திங்களில் எல்லாம் அணியமாயின. நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் வந்து கூடின. வேட்டி கட்டிய குதிரையொன்று 'தம்பி' என்னும் பெயர் தாங்கிச் சுவர்தோறும் கைகூப்பி நின்றது. சென்னை நேப்பியர் பாலமும் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் பூண்டது.

தாம்பரத்திற்குத் தெற்கே வண்டலூரில் திரும்பிக் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் சென்றால் பூஞ்சேரியை அடையலாம். ஆகலின், தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் வாழ் மக்களுக்கு அது தம் வாயிலிலேயே நடந்த விழாவாயிற்று. குதிரை எப்படித் தாவும் என்பதறியாதாரும், "இன்று நம் பிள்ளைகள் வென்றனரா?" என்று மாலைதோறும் கேட்டனர். கேட்டதில் வியப்பில்லை. போட்டியை நடத்தும் நாடாதலின் இந்தியா பொதுப்பிரிவில் மூன்று அணிகளைக் களமிறக்கிற்று. அவற்றுள் இளையோர் நிறைந்த இரண்டாம் அணியில் குகேசு, பிரக்ஞானந்தா, அதிபன் என மூவர் தமிழ்நாட்டினர். கேரளத்து நிகால் சரினும் நாகபுரி இரௌனக்கு சத்வானியும் ஏனையோர். பயிற்றியவரும் சென்னையைச் சேர்ந்த இரமேசு.

முதற்பலகையில் அமர்ந்த குகேசுக்கு அப்பொழுது அகவை பதினாறு. முதல் எட்டு ஆட்டங்களையும் அவர் தொடர்ந்து வென்றார். பத்தாம் சுற்றில் உசுபெக்கித்தானுடன் மோதல். அப்துசத்தோரோவுக்கு எதிராக வெல்லும் நிலையில் இருந்த குகேசு, நேரம் நெருக்கிய வேளையில் ஒரு நகர்த்தலில் பிழைத்தார். வென்றிருக்க வேண்டிய ஆட்டம் தோல்வியில் முடிந்தது. மற்றொரு பலகையில் பிரக்ஞானந்தா பெற்ற வெற்றியே அணியைத் தாங்கிப் பிடித்தது. அச்சுற்று இரண்டுக்கு இரண்டு என முடிந்தது. முடிவில் உசுபெக்கித்தான் பொன்னும், ஆர்மீனியா வெள்ளியும், நம் இளையோர் அணி வெண்கலமும் பெற்றன. மகளிர் பிரிவிலும் இந்திய முதலணி வெண்கலம் பெற்றது; பிரக்ஞானந்தாவின் தமக்கை வைசாலி அவ்வணியில் ஒருவர்.

தலைகவிழ்ந்து அமர்ந்திருந்த அச்சிறுவனைக் கண்டு அன்று வருந்தாதார் இலர். ஆயின் அவ்வருத்தம் வீண்போகவில்லை. 2024 செப்டம்பரில் அங்கேரி நாட்டுப் புதாபெசுட்டு நகரில் நடந்த 45-ஆம் ஒலிம்பியாடில், அதே குகேசு முதற்பலகையில் பத்து ஆட்டங்களில் ஒன்பது புள்ளி குவித்தார். பிரக்ஞானந்தா, அர்ச்சுன் எரிகைசி, விதித்து குசராத்தி, அரிகிருட்டிணா ஆகியோர் உடன் நின்றனர். பதினொரு சுற்றுகளில் பத்தை அவ்வணி வென்றது. வெல்லாத ஒன்றும் தோல்வியன்று. அதே உசுபெக்கித்தானுடன் நிகராக முடிந்ததே. வைசாலி இடம்பெற்ற மகளிரணியும் பொன்னே வென்றது. அவ்வாண்டு திசம்பர் 12-இல் சிங்கப்பூரில் சீனத்துத் திங் இலிரெனை வீழ்த்தி, பதினெட்டாம் அகவையில் குகேசு உலக முதல்வரானார்.

இவையெல்லாம் ஒருநாளில் விளைந்தவையா? அல்ல. தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவேல் ஆரோன் 1961-இல் இந்தியாவின் முதற் பன்னாட்டு மாசுட்டரானார். 1972-இல் சென்னையிலிருந்த சோவியத்துப் பண்பாட்டு நடுவத்தில் தால் கழகம் தோன்றிற்று. தாயிடம் ஆடக் கற்ற விசுவநாதன் ஆனந்து அங்கே பயின்று, 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்டுமாசுட்டராக நிமிர்ந்தார். அவரைக் கண்டு ஒரு தலைமுறை எழுந்தது. அத்தலைமுறை பயிற்றிய அடுத்த தலைமுறையே பூஞ்சேரியில் அமர்ந்தது. ஓர் அறையும், சில பலகைகளும், கதவு திறந்துவைக்கும் ஆளும் இருந்தமையால் ஐம்பதாண்டில் விளைந்த பயன் இது.

இங்கேதான் ஒரு வினா எழுகின்றது. அக்கதவு யார்க்குத் திறந்திருக்கின்றது? குகேசின் தந்தையார் மருத்துவர். தம் தொழிலையே நிறுத்திவைத்து மகனோடு நாடு நாடாகச் சென்றார். பிரக்ஞானந்தாவின் தந்தையார் வங்கிப் பணியாளர். தாயார் மகனோடு போட்டிதோறும் உடன் சென்றார். அப்பெற்றோரின் ஈகம் போற்றற்குரியது. ஆனால் அனகாபுத்தூர் நெசவாளியும், பம்மல் தோற்பட்டறைத் தொழிலாளியும், தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தில் சுமை தூக்குவாரும் ஒருநாள் தொழிலை நிறுத்தினால் அன்றிரவு அடுப்பெரியாது. பயிற்சிக் கட்டணம், போட்டி நுழைவுக் கட்டணம், செலவுக்கும் தங்கலுக்கும் பணம் என்று அடுக்கடுக்காக நிற்கும் சுவரை அவர்தம் பிள்ளைகள் எங்ஙனம் தாண்டுவர்? அறிவு அவர்களிடம் இல்லையா? தரையில் கோடு கிழித்து, மூன்று புலியும் பதினைந்து ஆடும் வைத்துத் தலைமுறை தலைமுறையாக மதியாடிய மக்கள் அவர்களல்லரோ!

இரண்டாவது சுவர் மொழி. 'ஆங்கிலம் அறியாதவனுக்கு இவ்வாட்டம் வாராது' என்றொரு மயக்கம் நகர்ப்புறத்தில் வேரோடி நிற்கின்றது. உண்மை அதற்கு நேர்மாறு. இவ்வாட்டம் புகுந்த நாடெல்லாம் இதைத் தன் மொழியிலேயே பேசவைத்தது. தமிழர் அமைச்சன் என்னும் காயை உருசியர் யானை என்பர். செருமானியர் ஓட்டன் என்பர். பிரெஞ்சியர் பித்தன் என்பர். ஆங்கிலர் தம் மதகுருவின் பெயரால் அழைப்பர். மூலையில் நிற்கும் யானை உருசியர்க்குப் படகு. 'செக்மேட்' என்பதும் ஆங்கிலர் படைத்த சொல்லன்று. அரசன் செயலற்றான் என்னும் பொருள்பட்ட பாரசீகத் தொடரின் திரிபே. உருசியச் சிறுவன் தன் தாய்மொழியிற் கற்று, தன் தாய்மொழி நூல்களைப் படித்தே உலகை வென்றான். அரசன், அரசி, அமைச்சன், யானை, குதிரை, காலாள் என்று ஆறு காய்களுக்கும் தமிழில் பெயர் உண்டு. அரசனை மடக்கினால் முற்றுகை. மீளாவாறு மடக்கினால் இறுதி முற்றுகை. இச்சொற்களால் கற்பிக்க இயலாதது இவ்வாட்டத்தில் எதுவுமில்லை.

ஆட்சியாளர் ஒன்றும் செய்திலர் என்று கூறுவது முறையாகாது. ஆனந்தும் கார்ல்சனும் சென்னையில் உலகப் பட்டத்துக்கு ஆடிய 2013-ஆம் ஆண்டிலேயே, ஏழு முதல் பதினேழு அகவை வரையுள்ள பள்ளி மாணவர்க்கு இவ்வாட்டம் கற்பிக்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. மாமல்லபுரப் போட்டிக்கென 90 கோடி உருபாவுக்கும் மேல் அரசு ஒதுக்கிற்று. ஆனால், திட்டம் தாளில் இருப்பது வேறு. பலகை பிள்ளையின் முன் இருப்பது வேறு. விழாவுக்குச் செலவிடும் ஊக்கம், விழா முடிந்த மறுநாளும் தொடர வேண்டும். அரசுப் பள்ளிதோறும் கிழமைக்கு இரு பாடவேளை, அதற்கெனப் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர், தமிழில் எழுதப்பெற்ற பயிற்சி நூல், ஏழைப் பிள்ளையின் போட்டிக் கட்டணத்தையும் வழிச்செலவையும் ஏற்கும் ஒரு வைப்புநிதி: இவை நான்கும் கேட்டுப் பெறவேண்டியவை.

அரசு தரும்வரை கைகட்டி இருத்தலும் தமிழர்க்கு அழகன்று. பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழுக்கு வித்திட்டபொழுது, எந்த அரசாணைக்கும் காத்திருந்தாரல்லர். வேதாசலம் என்னும் தம் பெயரையே முதலில் மாற்றித் தம் இல்லத்திலிருந்து தொடங்கினார். அவர் வாழ்ந்த பல்லாவரம் இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. அம்மாநகராட்சி எல்லைக்குள் எத்தனை தமிழ் மன்றங்கள், எத்தனை படிப்பகங்கள்! ஒவ்வொன்றும் இரண்டு பலகை வாங்கி வைத்து, மாலையில் ஒரு மணிநேரம் கதவைத் திறந்து வைத்தால் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தெருப்பிள்ளைகளைக் கூட்டி, "இது யானை, நேரே செல்லும், இது குதிரை, தாவிச் செல்லும்" என்று சொல்லித் தந்தால் போதும். சென்னையில் ஓர் அறையிலிருந்து உலக முதல்வர் எழுந்தார் எனில், தாம்பரத்து ஓர் அறையிலிருந்து எழ மாட்டாரோ?

தம் அணி வெல்லும்போது கைதட்டுவது எளிது. அது தோற்கும்போது உடன் நிற்பது அதனினும் பெரிது. அடுத்த அணிக்கு ஆள் தருவதே அனைத்தினும் பெரிது. நாற்படையாட்டத்தில் காலாளுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. எளிய காயாயினும், இடையில் வீழாது எட்டாம் கட்டத்தை எட்டினால் அது அரசியாக உயரும். எல்லையை எட்டும்வரை அதைக் காத்து நிற்பது உடன் நிற்கும் காய்களின் கடன். எளியவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அக்கடனை ஆற்றத் தமிழர் முன்வருக!