வேகம் பெரிதா, மௌனம் பெரிதா?

அணுசக்தி நீர்மூழ்கி வந்த பிறகும் டீசல் நீர்மூழ்கி எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. 1982 ஃபாக்லாந்து போரைப் பாருங்கள் என்பேன்.

பிரிட்டனின் அணு நீர்மூழ்கி 'கான்கரர்' சுமார் 13,000 கிலோமீட்டர் கடந்து தென் அட்லாண்டிக் போய்ச் சேர்ந்தது. வழியில் எரிபொருள் நிரப்பும் கவலை அதற்கு இல்லை. மே 2 அன்று அர்ஜென்டினாவின் 'ஜெனரல் பெல்கிரானோ' போர்க்கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் மாண்டார்கள். அதன்பின் அர்ஜென்டினாவின் பெரிய கப்பல்கள் கரையோரத்தை விட்டு வெளியே வரவில்லை.

அர்ஜென்டினாவிடம் 'சான் லூயிஸ்' என்ற டீசல் நீர்மூழ்கி இருந்தது. அதற்கு வேகம் குறைவு. பேட்டரியை சார்ஜ் செய்யக் காற்றுக் குழாயை மேலே நீட்டியாக வேண்டும். அப்போதுதான் அதற்கு ஆபத்து. ஆனால் பேட்டரியில் மெல்ல நகரும்போது சத்தம் மிகக் குறைவு. அணு உலைக்கோ ஓய்வில்லை, பம்புகள் ஓடியபடியே இருக்கும். பிரிட்டிஷ் கடற்படை சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் டார்பிடோ வீசியும் 'சான் லூயிஸ்' சிக்காமல் ஊர் திரும்பியது. அது ஏவிய டார்பிடோக்கள் எதுவும் சரியாக வேலை செய்யவில்லை. செய்திருந்தால் போரின் கணக்கே மாறியிருக்கலாம்.

தூரக் கடலுக்கு அணு நீர்மூழ்கி. பக்கத்துக் கடலைக் காக்க டீசல் போதும். பெருமைக்காக வாங்காமல், காக்க வேண்டிய கடலைப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம். எதை வாங்கினாலும் முதலில் டார்பிடோ வெடிக்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்!